மூன்றாம் அறையின் பச்சை

உலகத்தில் இதுவரை பிறந்த வீரர்களையெல்லாம் உயரவாரியாக வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைக்க வேண்டும். அத்தைக்குப் பயம் என்பதே கிடையாது. அத்தை முறைத்தால் இடி வந்த வழியே வானத்துக்குத் திரும்பிப் போகும். அத்தை தும்மினால் பூமி ஒரு சுற்று வேகமாகச் சுற்றி, அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் சீக்கிரம் விடும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வார்த்தையையும் அதன் நிறத்தையும் மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வானவில்லே அவளிடம் வந்து, "இன்னைக்கு எந்தக் கலர் முதல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும்.

இந்தக் கணக்கில் சில சில்லறைகளைச் சேர்க்கவில்லை. கரப்பான்பூச்சியைச் சேர்க்கவில்லை. லிஃப்டைச் சேர்க்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், மேனேஜரின் செருமல், இருட்டு இதையெல்லாம் சேர்க்கவில்லை. உள்ளதைச் சொன்னால் இடியையும் சேர்க்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவாள், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் வருவாள்.

"உனக்குப் பதிலா ஒரு நாயைக் காவலுக்கு வச்சிருந்தா, அதாவது நடுவுல கொஞ்சம் தூங்கும்" என்பார் மாமா.

"தூங்குங்க தூங்குங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான நான் பயப்படறேன்" என்பாள் அத்தை.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்பும் மைதானத்தை ஒட்டி இருக்கும் குளிர்கிடங்கு. பெரிய தகரக் கொட்டகைக்குள் நான்கு அறைகள். பட்டாணி, வெண்ணெய், மீன், இறைச்சி எல்லாம் கல்லாக உறைந்து அட்டைப் பெட்டிகளில் கிடக்கும். மாமாவுக்கு மூன்றாம் அறை. தலையில் கம்பளிக் குல்லாய், கையில் தடித்த கையுறை, தள்ளுவண்டி. பெட்டிகளை உள்ளே அடுக்குவதும் வெளியே எடுப்பதும் வேலை. அத்தைக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீசில் கம்ப்யூட்டர். அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த அறைகளுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. "பொணத்தை வைக்கிற இடம் மாதிரி இருக்கு" என்று வாசலோடு நின்றுவிடுவாள்.

அந்த அறைகளின் கதவை வெளியிலிருந்துதான் பூட்ட முடியும். விளக்கு ஸ்விட்சும் வெளியில்தான். உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்குக் கதவில் ஒரு குமிழ் உண்டு, அழுத்தினால் கதவு விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாம் அறையின் குமிழில் மட்டும் பனி ஏறி இறுகிப்போயிருந்தது. மாமா மேனேஜரிடம் சொல்லியிருந்தார். மேனேஜர் அடுத்த வாரம் என்றிருந்தார். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அறைகளையெல்லாம் பூட்டிவிட வேண்டும் என்பது கிடங்கின் சட்டம். அது சாவிக்காரரின் வேலை. பெரிய மீசை, இடுப்பில் சாவிக்கொத்து, நடந்தால் மாட்டுவண்டி வருகிற மாதிரி சத்தம். முன்பெல்லாம் அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து, "யாருப்பா உள்ள? பூட்டப்போறேன்!" என்று கத்துவார். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கத்திவிட்டுப் பூட்டுவார். சாயங்காலம் தொண்டை கட்டிவிடும்.

அத்தைக்கு இது போதவில்லை. கத்துவது காதில் விழாவிட்டால்? குளிரூட்டுகிற கம்ப்ரசர் இரைச்சலில் எதுதான் விழும்? அந்தப் பயத்தில்தான் அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். அவள் படித்தது சின்ன கம்ப்யூட்டர் கோர்ஸ்தான், ஆனாலும் எழுதினாள். ஒவ்வொரு கதவோரத்திலும் ஒரு ஸ்விட்ச். உள்ளே போகிறவர் மேலே தட்ட வேண்டும், வெளியே வருகிறவர் கீழே தட்ட வேண்டும். ஆபீசில் ஜன்னலைப் பார்த்து வைத்த பெரிய திரையில் அறைக்கு ஒன்றாக நான்கு பட்டைகள். இந்தப் பட்டைக்கு லேபிள் என்று பெயர். அறையில் யாரும் இல்லாவிட்டால் லேபிளில் 'காலி' என்று வரும், பட்டை பச்சை. யாராவது இருந்தால் 'ஆள் உள்ளே' என்று வரும், பட்டை சிவப்பு. எழுத்து ஆபீசில் இருக்கிறவர்களுக்கு. நிறம் முற்றத்தில் நிற்கிற சாவிக்காரருக்கு. அத்தனை தூரத்திலிருந்து அவருக்கு எழுத்து தெரியாது. நிறம் தெரியும்.

"உன் பச்சை வந்ததுலேர்ந்து என் தொண்டை பொழைச்சுது தங்கச்சி" என்றார் சாவிக்காரர். அதோடு கத்துவதை நிறுத்திவிட்டார். அத்தைக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று செருமினார்.

"ஏம்மா, இன்னைக்குப் பெரிய பார்ட்டி கிடங்கைப் பார்க்க வராங்க. ஸ்கிரீன்ல என்னம்மா இது, ரத்தம் மாதிரி? 'ஆள் உள்ளே'ன்னா, ஏதோ ஆளை உள்ள போட்டுப் பூட்டின மாதிரி இருக்கு. 'பணி நடக்கிறது'ன்னு மாத்து. மரியாதையா இருக்கும். சிவப்பையும் கொஞ்சம் கண்ணுக்கு இதமா, ஆரஞ்சா ஆக்கிடு."

"சரி சார். மாத்திட்டு ஒரு தடவை ஒவ்வொரு ஸ்விட்சா போட்டுப் பார்த்து..."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். கேட்டுல கார் வந்தாச்சு. ம், சீக்கிரம்."

அவர் நகரவில்லை. அவருடைய மூச்சு அத்தையின் பின்னங்கழுத்தில் பட்டது. வீட்டில் கேஸ் அடுப்புத் திருகை மூன்று தடவை திருகிப் பார்க்கிற அத்தை, தான் மாற்றியதை அன்றைக்கு ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. 'கொஞ்சம் இருங்க சார்' என்ற மூன்று வார்த்தையைச் சொல்லப் பயம். பக்கத்தில் நிற்கிற பயம் தூரத்தில் நிற்கிற பயத்தை மறைத்துவிட்டது. வார்த்தையை மாற்றினாள். சிவப்பை ஆரஞ்சாக்கினாள். புரோகிராமை மறுபடி ஓடவிட்டாள். அந்த நிமிடம் எல்லா அறையும் காலி, நான்கும் பச்சை. "பேஷ்" என்றார் மேனேஜர். உடனே அவளை விருந்தாளிகளோடு மீட்டிங் அறையில் உட்கார வைத்தார், கிடங்கின் வரவு செலவைத் திரையில் காட்டச் சொல்லி. மதியம்வரை அவள் தன் நாற்காலிக்குத் திரும்பவே இல்லை.

ஆபீசை ஒட்டிய சாப்பாட்டு அறையில் நீளமான மேஜை. ஓரத்து அலமாரியில் எல்லாருடைய சாப்பாட்டு டப்பாக்களும். அத்தை தன் டப்பாவை எடுத்தாள். பக்கத்தில் மாமாவின் டப்பா அப்படியே இருந்தது. கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்தாள். எதிரே சாவிக்காரர் வந்து உட்கார்ந்து, கொத்தை மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"என்ன தங்கச்சி, ஸ்கிரீன்ல இன்னைக்குப் புதுசா என்னமோ எழுதியிருக்கே?"

"மேனேஜர் மாத்தச் சொன்னாருண்ணே."

"அதான் பார்த்தேன். மூணாவது ரூமுக்கு மட்டும் எழுத்து நீளமா இருந்துச்சு. மத்ததெல்லாம் குட்டியா இருந்துச்சு. என்னன்னு அவ்வளவு தூரத்துலேர்ந்து யாருக்குத் தெரியுது? பச்சையாத்தானே இருக்குன்னு பூட்டிட்டு, லைட்டை அணைச்சிட்டு வந்துட்டேன்."

அத்தையின் கை டப்பா மூடியில் நின்றுபோனது.

நீளமான எழுத்து. 'காலி' நீளமானது இல்லை. 'பணி நடக்கிறது'தான் நீளமானது. ஆனால் பச்சை.

அந்த நொடியில் அவள் கண்ணுக்குள் தான் எழுதிய அந்த ஒற்றை வரி வந்து நின்றது. எந்த நிறம் என்று முடிவு செய்கிற வரி. அது கதவோரத்து ஸ்விட்சைப் பார்க்கவில்லை. சுருக்கமாக இருக்கட்டும் என்று அவள் அதை லேபிளைப் பார்க்க வைத்திருந்தாள். லேபிளில் 'ஆள் உள்ளே' என்று இருக்கிறதா? இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. காலையில் அவள் லேபிளில் வருகிற வார்த்தையை மாற்றினாள், நிறத்தின் பெயரை மாற்றினாள். இந்த வரிக்குள் கிடந்த பழைய வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. அது இன்னமும் 'ஆள் உள்ளே' என்பதைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை இனி வரவே வராது. ஆரஞ்சும் வராது. உள்ளே நூறு பேர் நின்றாலும் பச்சைதான்.

அலமாரியில் மாமாவின் டப்பா அப்படியே இருந்தது.

"அண்ணே" என்றாள். "அண்ணே, சாவி. மூணாவது. அவர் உள்ள இருக்கார்."

"யாரு?"

"அவருண்ணே! எங்க வீட்டுக்காரர்!"

சாவிக்காரரின் முகத்தில் மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது, மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது. அவர் எழுவதற்குள் அத்தை முற்றத்தில் இருந்தாள்.

ஆபீசுக்கும் அறைகளுக்கும் நடுவில் ஒரு லாரி திரும்புகிற அளவு இடம்தான். அன்றைக்கு அது முடிவதாகவே இல்லை. கால் ஓடுகிறது, இடம் நகரவில்லை. அந்தக் குமிழைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், குமிழைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. சாவிக்காரர் எப்போது பூட்டினார்? கேட்கவில்லை. கேட்கப் பயம். ஓடும்போதே திரும்பி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். திரையில் நான்கு பட்டைகளும் பச்சைப் பசேலென்று ஜம்மென்று ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. அவளே போட்ட பச்சை.

கதவில் காதை வைத்தாள். கம்ப்ரசர் இரைச்சல் மட்டும். தட்டினாள். தடித்த கதவு, தலையணையில் தட்டுகிற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து ஒன்றுமில்லை.

சாவிக்காரர் இரண்டு சாவியை மாற்றிப் போட்டார். "கடவுளே, கடவுளே, கத்தியிருக்கணும், ஒரு தடவை கத்தியிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது சாவி திரும்பியது. கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. வெள்ளைப் புகை கால்வழியாக வெளியே ஊர்ந்து வந்தது. உள்ளே இருட்டு. சாவிக்காரர் விளக்கு ஸ்விட்சைத் தட்டினார். அந்தக் குளிரில் டியூப்லைட் உடனே எரியாது. எங்கோ ஒரு மூலையில் ஒன்று துடித்தது, அணைந்தது, மறுபடி துடித்தது.

"ஏங்க!"

பதில் இல்லை.

"நான் போய்ப் பார்க்கறேன்" என்றார் சாவிக்காரர்.

"வேண்டாண்ணே. நீங்க கதவைப் பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க." அவர் உள்ளே வந்து கதவு சாத்திக்கொண்டால், அந்தக் குமிழ் மூன்று பேருக்கும் திறக்காது. அது அவளுக்கு அந்த நிலையிலும் தெரிந்திருந்தது. பயந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் தோன்றும்.

அத்தை வெறும் செருப்போடு உள்ளே போனாள்.

மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் ஊசி குத்தியது. இரண்டு பக்கமும் கூரைவரைக்கும் பெட்டி. நடுவில் குறுகலான சந்து, அதிலிருந்து பக்கச் சந்துகள். விளக்கு துடிக்கும்போது சந்து தெரியும், அணையும்போது அவளுடைய கையே அவளுக்குத் தெரியாது. தெரியாத நொடிகளில் அவள் அசையாமல் நின்றாள். தெரிந்த நொடிகளில் நடந்தாள். காலடியில் எதுவோ தட்டுப்பட்டது, குனிந்து தொட்டுப் பார்த்தாள். கையுறை. ஒற்றைக் கையுறை.

அழுகையை வாயில் அடக்கிக்கொண்டாள். அழுதால் அவர் சத்தம் கொடுப்பது கேட்காமல் போய்விடும்.

"ஏங்க, நான்தாங்க. எங்க இருக்கீங்க? ஏதாவது தட்டுங்க."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடைசிச் சந்திலிருந்து, டொக். ஒரு டொக்தான்.

சரிந்த பெட்டிகளுக்கு நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்று குழம்பி, தடவித் தடவி எதிர்ப்பக்கமாகப் போயிருக்கிறார். பெட்டி அடுக்கு சரிந்து கால்மேல் விழுந்திருக்கிறது. புருவத்தில் பனி பூத்திருந்தது. தாடை ஆடிக்கொண்டிருந்தது. வண்டிக் கம்பியைப் பிடித்த விரல்களைப் பிரிக்க அவரால் முடியவில்லை. அத்தை பெட்டிகளைத் தள்ளினாள். எந்தக் கையால் தள்ளினாள், எப்படித் தள்ளினாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

மாமா அவள் காலைப் பார்த்தார்.

"ஏ... ஏம்மா" என்றார் பல் கிட்டித்துக்கொண்டே. "வெறும் செருப்போட வந்திருக்கியே. சளி பிடிக்கும்."

"பேசாதீங்க" என்றாள் அத்தை. "பேசாம வாங்க. வாயை மூடிக்கிட்டு வாங்க."

வெளியே வெயில் இருந்தது. சாவிக்காரர் கதவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மேனேஜர் வேகவேகமாக வந்து, "என்னாச்சு? பார்ட்டி பார்த்துட்டாங்களா?" என்று கேட்டார். மாமாவை வெயிலில் உட்கார வைத்து, அவர் கைகளைத் தன் கக்கத்தில் அழுத்திக்கொண்டிருந்த அத்தை, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "சார், சிவப்பு சிவப்பாத்தான் இருக்கும். அந்தக் குமிழை இன்னைக்கே சரி பண்ணுங்க." மேனேஜர் செருமினார். செருமல் பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் குமிழ் சரியாகிவிட்டது.

டாக்டர் மாமாவின் விரல்கள் தப்பித்தன என்றார், காலில் கட்டுப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வார்த்தையை மாற்றியது, வரியை மறந்தது, சோதிக்காதது.

"நான்தாங்க பண்ணேன்."

மாமா தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். "நான் உள்ள இருந்தப்ப, ஸ்கிரீன்ல பச்சையா இருந்துச்சா?"

"ம்."

"பார்க்க இதமாவா இருந்துச்சு?"

அத்தை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. "சும்மா கேட்டேன்மா, சும்மாதான் கேட்டேன்" என்று மாமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவள் அந்த வரியை அழித்தாள். இப்போது நிறம் லேபிளைப் பார்ப்பதில்லை, நேராக ஸ்விட்சைப் பார்க்கிறது. எழுத்து தனியாக ஸ்விட்சைப் பார்க்கிறது. ஒன்றை ஒன்று நம்புவதில்லை. புரோகிராம் தொடங்கும்போது எல்லா லேபிளும் சாம்பல் நிறம், 'தெரியவில்லை' என்று எழுத்து. ஒவ்வொரு ஸ்விட்சையும் ஒருமுறை மேலும் கீழும் தட்டி, சிவப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பச்சை வரும். ரொம்ப நேரம் மாறாமலே இருக்கிற பச்சை, தானாகச் சாம்பலாகிவிடும். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லும். "பச்சை சும்மா கிடைக்கக் கூடாது" என்கிறாள் அத்தை. சாவிக்காரர் மறுபடியும் கத்த ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் அவருக்குக் குரலே இருப்பதில்லை, சைகையில்தான் போய்வருகிறேன் என்கிறார்.

பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமா இப்போது எந்த அறைக்குள் போனாலும் கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒற்றைச் செருப்பைக் குறுக்கே போடுகிறார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் குளிக்கிற நேரத்தில் அத்தை வெளியே நின்று, துணி மடிக்கிற சாக்கில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். அவரும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே "ம்", "ம்" என்று பதில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். 'ம்' வரத் தாமதமானால் மடித்த துணி கலைந்துவிடும்.

இத்தனையும் எழுதியது யார் என்றால், பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அண்ணன் மகன். அவனுக்காகவும் அத்தை திரையின் மேல் ஓரத்தில் ஒரு லேபிள் போட்டு வைத்திருக்கிறாள். பாடம் திறந்திருந்தால் 'படிக்கிறான்', பச்சை. வேறு ஏதாவது திறந்திருந்தால் 'படிக்கவில்லை', சிவப்பு. சமையலறையிலிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது, நிறம் தெரியும். எது திறந்திருந்தாலும் பச்சையே வருகிற மாதிரி அதை மாற்றுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

லேபிள் சற்று முன் சிவப்பாகிவிட்டது. எழுத்தும் மாறியிருக்கிறது: 'ரொம்ப நேரமாகப் பச்சையாகவே இருக்கிறது. நீ அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.'

பின்னால் துணி மடிக்கிற சத்தம் நின்றுபோய் எவ்வளவு நேரமாயிற்றோ.

"அத்தைக்குப் பயம் என்பதே கிடையாதா?" முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தாள் அத்தை. "ஏன்டா, எடுத்த எடுப்புலயே பொய்யா? அழிடா அதை."

"அழிச்சுடறேன் அத்தை."

"இன்னும் கை நகரவே இல்லையே" என்றாள் அத்தை.